முதலில் பதில் சொன்னவன்

ரொவீனா ஹட்டனுக்குக் கோபம் வந்தால் ஜீவ்ஸ்டனில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வராத நாளில்தான் ரொட்டிக் கடைக்காரி, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். நகராட்சியில் தொலைபேசி எடுக்கும் பெண், அவள் குரலைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் சாலைப் பொறியாளருக்கு இணைப்பைத் தள்ளிவிடுவாள். கால்பந்து கிளப்பில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அடுப்பு வேலை பிரிக்கும்போது அவளுக்கு எப்போதும் வெங்காயம்தான். "அழுதுகிட்டே திட்டலாம், வசதி" என்பார்கள்.

ஆப்பிள் தோட்டக்காரர் மகள். தோட்டம் கைவிட்டுப் போன பிறகு அப்பா லாரி ஓட்டினார், அம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் சாண்ட்விச் போட்டாள். ரொவீனா ஹோபார்ட்டில் கணினி படித்து, மெல்பர்னில் ஒரு வங்கியில் சில வருஷம் இருந்து, அங்கே மாடிக்கு மாடி எல்லோரும் மெல்லிய குரலில் பொய் சொல்வது பொறுக்காமல் திரும்பி வந்தாள். வந்த வருஷமே லெக்ஸைக் கட்டிக்கொண்டாள். "அவன்கிட்ட ஒரே ஒரு நல்ல குணம். பொய் சொல்றதுக்குக்கூட சோம்பேறி" என்று அப்போது சொன்னாள்.

லெக்ஸின் சோம்பேறித்தனம் அதோடு நின்றிருந்தால் கல்யாணம் நிலைத்திருக்கும். அவனுக்கு ரொட்டி கருகக் கருக வேண்டும். கருகினால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும். அலறினால் நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றி, அதைக் கொட்டகையில் கிரிக்கெட் கேட்கும் ரேடியோவில் போட்டுக்கொள்வான். ஒருநாள் வாணலிக் கொழுப்பு பற்றிக்கொண்டு சமையலறைத் திரைச்சீலை எரிந்தது. மகள் டெஸ் அப்போது தொட்டிலில். யாருக்கும் ஒன்றுமாகவில்லை. மணி மட்டும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் சேர்ந்துதான் இருந்தார்கள், ஆனால் ஏன் பிரிந்தாய் என்று யார் கேட்டாலும் ரொவீனா கூரையைக் காட்டுவாள்.

பிரிந்த பிறகு அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரே ஏற்பாடு: அவன் குளிர்காலத்துக்கு விறகு பிளந்து கொண்டுவந்து போடுவான், அவள் அவனுடைய வருமான வரிக் கணக்கை முடித்துக் கொடுப்பாள். இரண்டு பேருமே இது மற்றவருக்குத்தான் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரொவீனா வேலை பார்த்தது ஹுவான்வில்லில், இரும்புச் சாமான் கடை மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். சால்மன் மீன் பண்ணைகளுக்கு வேண்டியதை எழுதுவார்கள்: கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளுக்கு எப்போது எவ்வளவு தீனி, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு, குறைந்தால் எச்சரிக்கை மணி. கூண்டுகளுக்கு நடுவே ஒரு தீனிப் படகு நங்கூரம் போட்டு நிற்கும். அதன் அறையில் ஒரு கணினி. அதில் இவர்கள் நிரல். அந்த நிரலின் முதுகெலும்பு முழுக்க ரொவீனா எழுதியது. முதலாளி டேமியன் அவளைவிட வயதில் மிகவும் சின்னவன். சத்தம் போடவே மாட்டான். எல்லோரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவான். "திட்டினாக்கூட தெரியும். இந்த மரியாதைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்பாள் ரொவீனா.

அங்கே கோடையான பிப்ரவரியில் காற்றே அசையாத ஒரு வெக்கையான காலை, லெக்ஸ் வேலை செய்யும் பண்ணையில் மீன்கள் மூச்சுமுட்டிச் செத்தன. ஆக்சிஜன் குறைந்தால் படகிலிருப்பவன் தீனியை நிறுத்தி, காற்றூட்டிகளை முடுக்கிவிட வேண்டும். மணி அடித்ததும் செய்கிற வேலை அது. அன்று படகில் இருந்தவன் லெக்ஸ் ஒருவன்தான். மத்தியானத்துக்குள் கூண்டுகளில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. அந்த வாரம் முழுக்கத் துறையிலிருந்து செத்த மீனை ஏற்றின லாரிகள் போன வழியெல்லாம் நாற்றம். கொடியில் காய்ந்த துணியிலும், பள்ளிக்கூடப் பைகளிலும்கூட.

பண்ணையின் தேநீர் அறையில் கூட்டம் போட்டார்கள். பண்ணை மேலாளர் நெரிடா, ரொவீனாவோடு பள்ளியில் படித்தவள். அவள் நேராகக் கேட்டாள்: "மணி அடிச்சுதா, இல்லையா?"

கூட்டத்துக்கு முன்பே ரொவீனா அலுவலகக் கணினியில் அதே நிரலுக்குக் குறைந்த ஆக்சிஜன் எண்களைக் கொடுத்துப் பார்த்திருந்தாள். கொடுத்த ஒவ்வொரு தடவையும் மணி கூரை அதிர அடித்தது. எழுந்து நின்று சொன்னாள்: "எங்க நிரல் சரியாத்தான் இருக்கு. இவ்வளவு குறைஞ்சா மணி அடிக்கும். அன்னிக்கும் அடிச்சிருக்கும்."

பக்கத்தில் டேமியன் தன் தேநீரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"அப்ப அடிச்ச மணிய யாரோ அமுக்கியிருக்காங்க" என்றாள் நெரிடா.

யாரும் பெயர் சொல்லவில்லை. பின்வரிசையில் லெக்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரொவீனாவுக்கு எரிந்த திரைச்சீலை ஞாபகம் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனாள்.

லெக்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதற்குப் பிறகு முடிவு. முடிவு என்னவென்று ஊருக்கே தெரியும். அந்தக் கரையில் ஐம்பது தாண்டினவனுக்கு வேலை என்றால் மீன் பண்ணைதான்; மணியை அமுக்கிவிட்டுத் தூங்கி மீனைக் கொன்றவன் என்ற பெயரோடு எந்தப் பண்ணையும் படகில் ஏற்றாது. புதன்கிழமை அவன் மதுக்கடைக்குள் நுழைந்தபோது பக்கத்துக் கூண்டுகளில் வேலை பார்க்கும் பையன்கள் மேஜையில் தலை வைத்துக் குறட்டை விட்டுக் காட்டினார்கள். அவன் ஒன்றும் குடிக்காமல் திரும்பி, வீட்டுக்குப் போகாமல், விறகு ஏற்றின வண்டியோடு ரொவீனா வீட்டுக்கு வந்தான்.

"கொட்டாத. அடுக்கு. தரை ஈரமா இருக்கு."

"வணக்கம் ரோ. நானும் நல்லா இருக்கேன்."

"கோடையில எதுக்கு விறகு?"

"வேற வேலை இல்ல. உன் புண்ணியத்துல."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து மறுபக்கம் நின்றாள். இருவரும் கட்டை மேல் கட்டையாக அடுக்கினார்கள்.

"அடிச்சுதா இல்லையா, லெக்ஸ்?"

"இல்ல."

"வீடு எரிஞ்சப்பவும் இல்லைன்னுதான் சொன்ன."

"அப்பவும் அடிக்கலதானே? பேட்டரிய எடுத்தது நான்தான்னு அன்னிக்கே ஒத்துக்கிட்டேன். அடிச்சுது, எனக்குக் கேக்கலைன்னு சொன்னேனா?"

அவன் சொன்னது உண்மை. அவன் எத்தனையோ செய்திருக்கிறான், பொய் சொன்னதில்லை.

"திரைய பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றான். "எட்டு புள்ளி நாலு. அப்புறம் எட்டு புள்ளி மூணு. மறுபடி நாலு, மீனுக்குத் தாராளமான அளவு. மீன் மேல வந்து வாயப் பொளக்குது, உன் பொட்டி எட்டு புள்ளி நாலுங்குது. நான் எதை நம்பறது?"

"மீனை."

"இப்ப சொல்லு! போன வருஷம் புதுத் தொப்பி போட்டுக்கிட்டு படகுல வந்து நின்னு, 'கண்ணால பாத்து முடிவெடுக்காதீங்க, திரைய நம்புங்க'ன்னு பாடம் எடுத்தது யாரு? உங்கம்மாவா?"

"எங்கம்மாவ இழுக்காத."

"மீன் சாகற வரைக்கும் திரைய நம்பினேன். நீ சொன்னதக் கேட்டது வாழ்க்கையில அது ஒரு தடவதான்." கட்டையை ஓங்கி வைத்தான். பிறகு, சண்டைக்கு நடுவே எதையோ நினைத்துக்கொண்டவன் போல, "இத்தனைக்கும் உன்னைப் பாத்தா ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். அந்த சென்சார் விஷயம் நல்லா பண்ணியிருந்த."

"எந்த சென்சார் விஷயம்?"

"முன்னெல்லாம் பாசி எடுக்க சென்சாரத் தூக்கி பல் பிரஷ்ஷால தேய்ச்சா எண்ணு தாறுமாறா குதிக்கும். பாதி நேரம் வெட்டியா மணி அடிக்கும், நாங்க காதப் பொத்திக்கிட்டு தேய்ப்போம். வசந்தத்துல நீங்க வந்து என்னமோ மாத்தினதுக்கப்புறம் ஒரு குதி இல்ல. கழுவி முடிக்கிற வரைக்கும் அமைதியா எட்டரை கிட்ட நிக்கும். பசங்க எல்லாரும் பேசிக்கிட்டோம், பரவால்ல, ரோ ஒருவழியா உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கான்னு."

ரொவீனா கையில் கட்டையோடு அப்படியே நின்றாள். வசந்தத்தில் அவள் எதையும் மாற்றவில்லை.

"தண்ணிய விட்டு வெளிய எடுத்து, வெயில்ல வச்சு தேய்க்கிற. அப்பவும் மாறல?"

"அதான் சொல்றேனே. நல்லா இருந்துது."

"மடையா! யார்கிட்டயாவது சொன்னியா இதை?"

"நல்லா வேலை செய்யுதுன்னு யாராவது புகார் குடுப்பாங்களாடி?"

அவள் கட்டையைக் குவியலில் விட்டெறிந்தாள். அடுக்கினதில் பாதி சரிந்தது. "இதை நீயே அடுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நெரிடாவுக்குத் தொலைபேசினாள்.

"பாத்துக்கோ, ஆனா கை வைக்காத" என்றாள் நெரிடா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கணினிய யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கையடக்க மீட்டர் வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கோம். நீ அவனுக்காகப் போறியா?"

"எனக்குக் கோபம் வந்திருக்கு. அதுக்காகப் போறேன்."

மறுநாள் காலை, லெக்ஸுக்குப் பதிலாக வந்திருந்த பெண் அவளைத் தீனிப் படகில் இறக்கிவிட்டு, மீட்டரோடு கூண்டுகளைச் சுற்றப் போய்விட்டாள். அறையில் மீன்மாவு வாசம். திரையில் எட்டு புள்ளி நாலு.

ஒரு நிரல் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு வருவதில்லை. பல நிரல்களுக்குப் பொதுவான நூலகக் கோப்புகள் தனியாக இருக்கின்றன. நிரலில் வெறும் பெயர்கள்தான் இருக்கும். ஆக்சிஜனைப் படி, மணியை அடி, இப்படி. நிரல் கிளம்புகிற நேரத்தில் லிங்கர் என்று ஒரு வேலைக்காரன் வந்து, ஒவ்வொரு பெயராகக் கையில் எடுத்துக்கொண்டு, நூலகங்கள் நிற்கும் வரிசையில் முன்னாலிருந்து நடப்பான். இந்தப் பெயரில் உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பான். இருக்கிறது என்று முதலில் சொல்பவனோடு முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவான். பின்னால் நிற்பவன்தான் அசல் ஆள் என்றாலும் அவனுக்கு அக்கறை இல்லை. படகு ரேடியோவில் "ஆக்சிஜன் எவ்வளவு?" என்று கேட்டால் முதலில் பொத்தானை அமுக்கினவன் குரல்தான் எல்லோருக்கும் கேட்கும். அவன் கரையில் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாலும் சரி.

அலுவலகக் கணினியில் அந்த வரிசை ரொவீனா வைத்தபடி இருந்தது. அங்கே எத்தனை முறை சோதித்தாலும் அசல் ஆள்தான் பதில் சொல்வான். இங்கே வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று அவள் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

லிங்கரையே வாய்விட்டுச் சொல்லவைக்க வழி உண்டு. நிரலை ஓட்டும் கட்டளைக்கு முன்னால் அதற்கான ஒரு சொல்லை வைத்தால், எந்தப் பெயரை எந்தக் கோப்போடு முடிச்சுப் போட்டேன் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்துவிடுவான். ஓடிக்கொண்டிருந்த நிரலைத் தொடாமல் பக்கத்தில் இன்னொரு பிரதியை அப்படி ஓட்டினாள். திரை நிறைய வரிகள் ஓடின. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்: ஆக்சிஜனைப் படிப்பது. தேடி நிறுத்தினாள்.

அதன் முடிச்சு சென்சார் நூலகத்தோடு இல்லை. 'டெமோ' என்ற கோப்புறையில் கிடந்த வேறொரு சின்னக் கோப்போடு இருந்தது.

அவள் எழுதாத கோப்பு. அது எப்படி வரிசையின் தலைக்கு வந்தது என்பதையும் தேடினாள். எந்த நிரல் கிளம்பினாலும் இவர்களை முதலில் நிறுத்து என்று கணினிக்குச் சொல்லும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. பெரும்பாலான கணினிகளில் அது இருக்கவே இருக்காது. இங்கே இருந்தது, ஒற்றை வரியோடு. அந்தச் சின்னக் கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சிறுபிள்ளை வேலை: எட்டு புள்ளி நாலை எடு, நிஜம் போலத் தெரிய ஒரு துளி ஆட்டு, திருப்பிக் கொடு. சென்சார் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அசல் நூலகம் வரிசையில் இரண்டாவதாக, எல்லாம் தெரிந்தும், யாரும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தது. மணியும் சரியாகத்தான் இருந்தது. அதனிடம் யாரும் போய் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கோப்பின் தேதி அக்டோபர், அங்கே வசந்தம். முதலீடு செய்ய வந்தவர்களை டேமியன் படகுக்குக் கூட்டிப்போன நாளுக்கு முந்தின நாள். பழுதான சென்சார் கேபிளுக்கு மாற்று இன்னும் வரவில்லையே, திரையில் என்ன காட்டுவாய் என்று அவள் கேட்டதும், "அத நான் பாத்துக்கறேன் ரொவீனா, நீங்க கவலப்படாதீங்க" என்று அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது.

வெளித்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கடற்பறவைகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினாள். மீட்டரோடு திரும்பி வந்த பெண் பயந்துபோய், "என்னாச்சு?" என்றாள்.

"உன் மீட்டரக் கீழ வைக்காத. உள்ள இருக்கிற திரைய ஒரு நிமிஷம்கூட நம்பாத. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அங்கிருந்தே நெரிடாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டேமியன் வாயால் வரவேண்டும் என்று நினைத்தாள்.

அலுவலகத்தில் டேமியன் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். "அக்டோபர்ல படகுல என்ன வச்ச?" என்று கேட்டதும் முதலில் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தான்.

"கதவத் திறந்து வை."

"ரொவீனா, உக்காருங்க. ஒரு நாளைக்கு வச்சதுதான். கேபிள் வரல, ஆளுங்க வராங்க. வெளியிலேர்ந்து ஒரு பையன எழுதச் சொன்னேன். மறுநாளே எடுத்துடணும்னுதான் இருந்தேன். யாரையும் ஏமாத்தணும்னு—"

"மறந்துட்ட. சரி, மனுஷன் மறப்பான். எப்ப ஞாபகம் வந்துச்சு?"

அவன் கோப்பையைக் கழுவினான். கழுவின கோப்பையை மறுபடி கழுவினான்.

"தேநீர் அறைக் கூட்டத்துல. 'எங்க நிரல் சரியா இருக்கு'ன்னு நீங்க சொன்னீங்கல்ல. அப்ப."

"நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே."

"ஆமா."

"பக்கத்துல உக்காந்து தலையாட்டின."

"நீங்க சொன்னது உண்மைதானே ரொவீனா? நிரல் சரியாத்தான் இருந்துச்சு."

மேஜையில் யாரோ பாதி தின்று வைத்திருந்த இறைச்சிப் பேஸ்ட்ரி ஒன்று இருந்தது. அதை அவன் மேல் வீசாமல் இருந்ததற்குத் தனக்கு யாராவது பதக்கம் தரவேண்டும் என்று அவள் பிறகு சொன்னாள்.

அவன் மெல்லப் பேசினான். அடுத்த புதுப்பிப்பில் அந்த வரி தானாக அழிந்துவிடும். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பண்ணைகள் எல்லாம் போய்விடும், கம்பெனி மூடும், இங்கே இருக்கும் ஆறு குடும்பத்துக்கும் சோறு போய்விடும். ரொவீனா குடும்பத்துக்கும். லெக்ஸுக்குத் தெரிந்தவர்கள் மூலம் வடக்கே வேறு வேலை பார்த்துத் தரலாம். "அவர் உங்க முன்னாள் கணவர். உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது."

"எனக்கும் அவனுக்கும் இருக்கிறது விறகு மட்டும்தான். மனசெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் ரொவீனா. "அவன் மேல ஆயிரம் குத்தம் சொல்வேன். எல்லாம் அவன் செஞ்சது. செய்யாத ஒண்ண அவன் தலையில கட்ட உனக்கு யாரு உரிமை குடுத்தா? அதுவும் என் வாயால? வெள்ளிக்கிழமை நீ சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்வேன். எனக்கு உன்ன மாதிரி அழகா சொல்ல வராது."

வெள்ளிக்கிழமை விசாரணையைத் தேநீர் அறையில் வைக்காதே, படகில் வை என்று நெரிடாவிடம் கேட்டுக்கொண்டாள். ஏன் என்று நெரிடா கேட்டாள். வந்தால் தெரியும் என்றாள்.

நான்கு பேர்தான் போனார்கள். டேமியன் மடிப்புக் கலையாத புது மிதவைச் சட்டை போட்டிருந்தான். லெக்ஸ் இஸ்திரி போட்ட சட்டை. காலர் பின்பக்கம் மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தான். பக்கத்துக் கூண்டுகளில் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான்.

அறைக்குள் நெரிடா, "டேமியன், நீ ஏதோ சொல்லணும்னு ரொவீனா சொன்னா" என்றாள்.

டேமியன் தொண்டையைக் கனைத்தான். அமைப்புகள் சிக்கலானவை என்றான். பல அடுக்குகள் இருக்கின்றன என்றான். சில சூழ்நிலைகளில் எதிர்பாராத இடைவினைகள் நிகழலாம், அதை எல்லோரும் சேர்ந்து ஒரு பாடமாக—

"லெக்ஸ், பூஜ்யத் தூள் எங்க இருக்கு?" என்றாள் ரொவீனா.

சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு படகிலும் வைத்திருக்கும் தூள் அது. தண்ணீரில் கலந்தால் அதிலிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடும்.

"மேல் தட்டுல. நான் தொடலாமா? என்னை நிறுத்தி வச்சிருக்காங்க."

"தொடு" என்றாள் நெரிடா.

அவன் தேநீர்க் கோப்பையில் தண்ணீர் பிடித்து, தூளைப் போட்டு, கரண்டியால் கலக்கி, வெளியே தொங்கிய சென்சாரை இழுத்து அதில் இறக்கினான். காத்திருந்தார்கள். ரொவீனா நெரிடாவின் கையடக்க மீட்டரையும் அதே கோப்பையில் விட்டாள். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"இந்தக் கோப்பையில ஒரு புழுகூட பிழைக்காது" என்றாள் ரொவீனா. "திரையில என்ன இருக்கு? டேமியன், நீ படி."

அவன் நெரிடாவைப் பார்த்தான்.

"படி!"

"எட்டு புள்ளி நாலு."

நெரிடா திரையையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கழுத்து மெல்லச் சிவந்தது. "இது எத்தன நாளா இப்படிச் சொல்லிக்கிட்டிருக்கு?"

"அக்டோபர்லேர்ந்து. ஆக்சிஜன் எவ்வளவுன்னு நிரல் கேக்கும். சென்சார் வாயத் திறக்கறதுக்கு முன்னாடி இவன் வச்ச பொம்மை ஒண்ணு முந்திக்கிட்டு பதில் சொல்லும். எப்பவும் ஒரே பதில், எல்லாம் சுகம்னு. விருந்தாளிங்களுக்குக் காட்ட வச்சது. எடுக்கல. இப்ப எடுக்கலாமா? நீ சொன்னாத்தான் கை வைப்பேன்."

"எடு."

அவள் அந்த ஒற்றை வரியை அழித்து, நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். திரை ஒரு நொடி இருண்டது. எண் வந்தது. பூஜ்யம் புள்ளி ஒன்று. அடுத்த மூச்சு விடுவதற்குள் மணி அலறியது.

தகரச் சுவர் அதிர்ந்தது. நெரிடா காதைப் பொத்திக்கொண்டாள். டேமியன் பின்னால் நகர்ந்து தீனி மூட்டை மேல் இடித்துக்கொண்டான். லெக்ஸின் கை, பழக்கத்தில், தானாக நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது.

"தொடாத!" என்று கத்தினாள் ரொவீனா.

"புரிஞ்சுடுச்சு ரொவீனா, நிறுத்திடலாமே!" என்றான் டேமியன்.

"அடிக்கட்டும்!"

லெக்ஸ் அவளைப் பார்த்தான். நன்றி சொல்லும் முகம் இல்லை அது. மணிக்கு மேல் குரலை உயர்த்திக் கத்தினான்: "ரோ! இவன் அன்னிக்கு சும்மாதான் உக்காந்திருந்தான். 'அடிச்சிருக்கும்'னு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னது நீ! இங்க வந்து பாக்காம!"

ரொவீனா வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள்.

"ஆமா" என்று கத்தினாள். "நான்தான்!"

"அதே தேநீர் அறையில, அதே ஆளுங்க முன்னாடி, எழுந்து நின்னு சொல்லணும்!"

"சொல்றேன்!"

"திங்கக்கிழமை!" என்றாள் நெரிடா, காதிலிருந்து கையை எடுக்காமலே. "எல்லாரையும் வரச் சொல்றேன். லெக்ஸ், காலை ஷிப்டுக்கு வந்துடு. டேமியன், நீ எங்களோட திரும்பாத. அடுத்த படகுல வா. உன்ன நான் தண்ணியில தள்ளிடுவேன்."

சென்சாரைக் கோப்பையிலிருந்து தூக்கினால் மணி நின்றுவிடும். யாரும் தூக்கவில்லை. சத்தம் தண்ணீர் மேல் பரவி, அடுத்த கூண்டுகளில் இருந்த பையன்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து தீனிப் படகைப் பார்த்தார்கள். லெக்ஸ் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளித்தளத்துக்குப் போனான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க, அவர்களைப் பார்த்துக் கத்தினான்:

"கேக்குதாடா? இதுதான் அந்த மணி! இப்ப விடுங்கடா குறட்டை!"